ஏழாம் விதியும் இடது ஸ்பிரிங்கும்

டென்ஸில் வார்டிலின் வண்டி வலது பக்கம் சாய்ந்து நிற்பதன் காரணத்தை ஹெஸ்டர் தாக்ரே ஏப்ரல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். செப்டம்பர் கடைசி ஞாயிறு வரை அதை யாரிடமும் சொல்லாமல் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தாளே, அதுதான் ஆச்சரியம். வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

அவள் தொழில் அப்படி. லிங்கன் நகரத்தில் கார் லைசென்ஸுக்குத் தேர்வு வைக்கிறவள். முப்பது வருஷமாகப் பக்கத்து இருக்கையில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பினவர்களையெல்லாம் ஓரங்கட்டச் சொல்லி, அடுத்த மாதம் வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறாள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் ஒரு தடவையாவது தோற்றவர்கள்தான். கடைத்தெருவில் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். அப்படிக் கடக்கும்போதும் இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பார்த்துவிட்டே கடப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பந்தயம் ஓட்டினாள். ஐம்பத்தொன்பதாம் வருஷத்து வண்டி. இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது, முன்விளக்கு இரண்டும் எஞ்சின் மூடிக்கு மேல் முழித்துக்கொண்டு நிற்கும். அதனால் அந்த ரகத்துக்கே தவளை என்று பெயர். பச்சைத் தவளை ஹெஸ்டருடையது, எண் இருபத்தேழு. சிவப்புத் தவளை டென்ஸிலுடையது, எண் நாற்பத்தொன்று. போர்க்காலத்தில் குண்டுவிமானங்கள் ஏறி இறங்கிய ஹார்ல்பி விமானத்தளத்து ஓடுபாதையைத்தான் பந்தயச் சாலையாக வைத்துக்கொண்டு, சின்ன வண்டிக் கிளப்பு வருஷத்துக்கு எட்டு பந்தயம் நடத்தும்.

இந்தத் தவளைகளுக்குப் பின்பக்கம்தான் தலைவலி. பின் அச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்பிரிங். எஃகுப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டு. ஒரு முனை வண்டியின் வயிற்றுக்குள் செருகியிருக்கும், மறு முனையில் அச்சு தொங்கும். வேகமாகத் திருப்பினால் அச்சு தன் இஷ்டத்துக்கு நகரும், வால் தெருச்சுற்றப் போய்விடும். அதைக் கட்டிப்போட ஆளாளுக்கு ஒரு வித்தை செய்தார்கள். ஒருவர் குறுக்கே கம்பி வைத்தார், இன்னொருவர் புதுக்காலத்து அதிர்வுதாங்கியைத் திருட்டுத்தனமாகப் பொருத்தினார். ஓட்டத் தெரியாதவன் கம்பியை நம்புகிறான் என்று கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவள் ஹெஸ்டர். சொன்னதோடு விடாமல், எண்பத்தோராம் வருஷக் கடைசியில் ஏழாம் விதியைத் தன் கைப்பட எழுதினாள்.

ஏழாம் விதி இதுதான். பின் அச்சை ஸ்பிரிங் மட்டுமே பிடிக்கலாம், வேறு எதுவும் கூடாது. பட்டைகளின் எண்ணிக்கை வண்டி பிறந்தபோது இருந்தபடியே இருக்க வேண்டும். தடிமன் அவரவர் விருப்பம். ஆனால் ஜனவரியில் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி சிற்றுண்டிக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். வண்டியின் எண்ணை ஸ்பிரிங்கின் அடியில் வெட்டுளியால் பதிக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க அந்த ஸ்பிரிங்தான் அந்த வண்டியில் ஓட வேண்டும். மாறியிருந்தால் அந்த ஓட்டம் செல்லாது, சரியானது ஏறும்வரை வண்டி வெளியே. யார் தவறு, எப்படி நடந்தது, எனக்குத் தெரியாது என்ற பேச்சுக்கே இடமில்லை. இரக்கத்துக்கு ஒரு வரி கூட அவள் ஒதுக்கவில்லை. அது போதாதென்று கிளப்பின் பழைய வழக்கம் ஒன்றும் கூட இருந்தது. யாராவது யார் மேலாவது புகார் கொடுத்தால், கொடுத்தவர் வண்டியும் பக்கத்திலேயே தூக்கி நிறுத்தி அதே அளவுக்குப் பிரித்துப் பார்க்கப்படும்.

இவ்வளவு செய்தும் கோப்பை என்னவோ டென்ஸில் கைக்கே போய்க்கொண்டிருந்தது. பதினொரு வருஷத்தில் ஒன்பது தடவை. அவன் பன்றிக்கறியை மாவில் பொதிந்து சுடும் பை என்ற பலகாரம் செய்து விற்கிறவன். மலை மாதிரி உடம்பு, நிதானமான பேச்சு. பந்தயத்துக்கு வரும்போது தட்டு நிறையப் பை கொண்டுவந்து, போட்டிக்காரர்களுக்கே ஊட்டாத குறையாகக் கொடுப்பான். ஹெஸ்டர் மட்டும் இன்றுவரை அதில் ஒரு துண்டு தொட்டதில்லை. ஏழு தடவை அவன் பின்னால் இரண்டாவதாக வந்தவள் அவள். அவன் ஏதோ கள்ளத்தனம் செய்கிறான் என்பதில் அவளுக்கு ஒரு துளி சந்தேகமில்லை. தான் இரண்டாவதாக வருவதற்கு வேறு காரணம் இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

ஆனால் இந்தத் தொண்ணூற்று மூன்றாம் வருஷம் கதை மாறியது. ஹெஸ்டரின் தவளை முதல் முறையாகச் சொன்ன பேச்சைக் கேட்டது. வழக்கமாக அவள் உட்காரும் வலது பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும் வண்டி, இந்த வருஷம் மேசை மாதிரி மட்டமாக நின்றது. வலப்பக்கத் திருப்பங்களில் வால் விலகவே இல்லை. காரணம் அவளுக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் இனிப்பை விட்டாள், புட்டிங்கை விட்டாள், ஆறு கிலோ குறைந்தாள். உடம்பு இளைத்தால் வண்டி நிமிராதா? பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொன்னாள். அவள் கணவன் நோரிஸ் கிறித்தவக் கோயில்களில் ஆர்கன் வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்கிறவன், காது கூர்மை, வாய் குறைவு. அவனும் ஆமாம் என்றுதான் தலையாட்டினான்.

டென்ஸில் வண்டிக்கு நேர்மாறு. வலது பக்கம் சாய்ந்துகொண்டு நின்றது. அவன் தொப்பையைத்தான் எல்லோரும் குற்றம் சொன்னார்கள். பாவம், மனிதர் பீரை விட்டார், விடியற்காலையில் கால்வாய்க் கரையோரம் நாயை இழுத்துக்கொண்டு நடந்தார். நாய் இளைத்ததே தவிர வண்டி நிமிரவில்லை. ஹெஸ்டருக்கு மட்டும் தொப்பைக் கதையில் நம்பிக்கை இல்லை. இரண்டு பக்கமும் ஒரே ஸ்பிரிங் இருந்தால் இவ்வளவு சாயாது, இடது பக்கம் எதையோ ஒளித்துவைத்திருக்கிறான் என்று அவள் கணக்குப் போட்டாள்.

கடைசிப் பந்தயத்துக்கு வந்தபோது ஹெஸ்டர் ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தாள். மூன்றாவது ஆள் எங்கேயோ பின்னால் கிடந்தார். இரண்டு பேரில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்குக் கோப்பை. காலையில் தகுதி ஓட்டம் முடிந்தது. அவள் நேரத்துக்கும் அவன் நேரத்துக்கும் கண் இமைக்கிற வித்தியாசம்தான். ஹெல்மெட்டைக் கழற்றி நோரிஸ் கையில் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பரிசோதகர் கூடாரத்துக்குப் போனாள்.

பரிசோதகர் ஐவர் பிரைஸ் வேல்ஸ்காரர், ரயில்வேயில் பாலங்களைத் தட்டிப் பார்த்து ஓய்வுபெற்றவர். காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"வழக்கம் தெரியுமில்ல? உங்க வண்டியும் மேல ஏறும்."

"தாராளமா ஏத்துங்க. என் வண்டியில ஒரு ஆணி மாறியிருந்தாலும் நான் நடந்தே வீட்டுக்குப் போறேன்."

செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? பத்து நிமிஷத்தில் பதினெட்டு வண்டிக்காரர்களும் அவர்கள் வீட்டாரும் தேநீர்க் குவளையோடு சுற்றி நின்றுவிட்டார்கள். இரண்டு தவளைகளையும் அருகருகே தூக்கி முட்டுக்கொடுத்து, பின்சக்கரங்களைக் கழற்றினார்கள். டென்ஸில் கையில் பாதி தின்ற பையோடு வந்து நின்றான். அவன் முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"பதினோரு வருஷம் பொறுத்துட்டீங்க அம்மணி. இன்னிக்காவது மனசு ஆறட்டும். நல்லா பாருங்க."

ஐவர் பலகையில் மல்லாந்து படுத்து சிவப்பு வண்டிக்கு அடியில் போனார். கம்பி இல்லை. கள்ளத் தாங்கி இல்லை. வலது ஸ்பிரிங்கின் பட்டைகளை எண்ணி, தடிமனை அளந்து, ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். வெளியே படிவத்தை வைத்துக்கொண்டிருந்த உதவியாளர் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு இடது பக்கம். முதல் மூன்று பட்டை சரி. நான்காவதில் உதவியாளர் வாயே திறக்கவில்லை. ஐந்தாவதிலும் அப்படியே.

"இடது பக்கம் படிவத்தோட ஒத்துப்போகல," என்றார் ஐவர், அடியிலிருந்தபடியே.

ஹெஸ்டருக்கு அந்த நொடியில் வந்த சந்தோஷத்தை என்ன சொல்வது! பதினொரு வருஷத்துச் சந்தோஷம் மொத்தமாக வந்தது. சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தாள். டென்ஸில் முகம் மாவு மாதிரி வெளுத்துவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது, ஜனவரியில் கிளப்பில் எண்ணெய் போட்டு மாட்டினதோடு சரி, தொடவே இல்லை என்று அவன் சொல்லிப் பார்த்தான். தெரியாது என்ற பேச்சு செல்லாது என்று ஹெஸ்டர் விதியின் வாசகத்தை அப்படியே ஒப்பித்தாள். அடியில் எண் பதித்திருக்கும், வண்ணத்தைச் சுரண்டிப் பாருங்கள் என்று ஐவருக்கு யோசனை சொன்னவளும் அவளேதான்.

ஐவர் சுரண்டினார். கறுப்பு வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்தது. துணியால் துடைத்தார், டார்ச்சை அடித்தார்.

"இருபத்தேழு," என்றார்.

யாரோ ஒருவர் இருமினார். ஐவர் மெதுவாக வெளியே ஊர்ந்து வந்து, பச்சை வண்டிக்கு அடியில் புகுந்தார். இங்கேயும் வலது பக்கம் சரி. இடது பக்கம் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் நாற்பத்தொன்று என்று சொல்வதற்குள்ளேயே ஹெஸ்டருக்குத் தெரிந்துவிட்டது.

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை கிளப்பில் ஸ்பிரிங் நாள். எல்லோரும் தங்கள் ஸ்பிரிங்கைக் கழற்றி ஊர்க் கூடத்துக்குக் கொண்டுவருவார்கள். பிரித்து, துரு தேய்த்து, எண்ணெய் போட்டு, மறுபடி கட்டி, கறுப்பு வண்ணம் அடித்துக் கம்பியில் காயப்போடுவார்கள். எண் அடியில் இருப்பதால் வண்ணத்தில் மறைந்துபோகும், அதனால் காய்ந்ததும் காகிதச் சீட்டு கட்டுவது வழக்கம். இந்த வேலையை ஹெஸ்டர் வேறு யாரிடமும் விடுவதில்லை. ஆளுக்கொரு சீட்டைக் கட்டிக் குளறுபடி செய்துவிடுவார்கள் என்று பயம். அன்று கடைசியாக மிஞ்சியது அவளுடையதும் டென்ஸிலுடையதும்தான். வலது ஸ்பிரிங் இரண்டும் வாசல் பக்கக் கம்பியில், இடது இரண்டும் ஜன்னல் பக்கக் கம்பியில். வாசல் பக்கத்துக்குச் சீட்டு கட்டினாள். தேநீர் ஆறுகிறது என்று கூப்பிட்டார்கள், போனாள். திரும்பும்போது சமையலறைக் கதவு வழியாக வந்தாள். அங்கிருந்து பார்த்தால் கம்பியின் அடுத்த முனைதான் முதல் முனை, சீட்டு இரண்டும் இடம் மாறிப்போயின.

இதை அவள் இப்போது கண்ணால் பார்த்த மாதிரி பார்த்தாள். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ டென்ஸில்தான் வேண்டுமென்றே மாற்றியிருப்பான் என்று கூடச் சொன்னார். ஹெஸ்டர் சும்மா இருந்திருந்தால் அந்தப் பேச்சு அப்படியே நிலைத்திருக்கும்.

"சீட்டு கட்டினது நான்," என்றாள் ஹெஸ்டர், எல்லோருக்கும் கேட்கும்படி. "கம்பிக்கு மறுபக்கத்திலேருந்து வந்து கட்டிட்டேன். இவர் மேல தப்பில்ல."

அதைச் சொல்ல அவளுக்கு உயிர் போய் வந்தது. காது இரண்டும் நெருப்பாக எரிந்தன. டென்ஸில் பையின் மிச்சத்தைக் கீழே வைத்துவிட்டான்.

ஐவர் கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். நடந்து முடிந்த பந்தயங்களின் முடிவைச் சுவரில் ஒட்டின அரை மணி நேரத்துக்குள் புகார் வந்திருக்க வேண்டும், அது தாண்டிவிட்டது, அவற்றைத் தொட முடியாது. இன்றைய தகுதி நேரம் இரண்டு பேருக்கும் ரத்து. மூன்று மணிக்குள் இரண்டு வண்டியிலும் சரியான ஸ்பிரிங் ஏறி, அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் கடைசி வரிசையிலிருந்து புறப்படலாம். இல்லையென்றால் இரண்டு பேருமே ஓட முடியாது.

அவர் சொல்லி முடித்ததும் நோரிஸ் ஹெஸ்டரின் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனான். வண்டிக்காரர்கள் கண் மொத்தமும் அவர்கள் மேல்தான். எல்லோருக்கும் கணக்கு புரிந்துவிட்டது.

"ஒண்ணும் செய்யாத," என்றான் நோரிஸ் தாழ்ந்த குரலில். "கழட்டல, நேரம் பத்தலன்னு சொல்லிட்டு உக்காரு. ரெண்டு பேரும் ஓடலன்னா ஒரு புள்ளி முன்னால நிக்கிறது நீதான். நாலு மணிக்குக் கோப்பை நம்ம வீட்டுல."

உண்மைதான். விதிப்படியும் குற்றமில்லை. அவளுடைய வண்டியிலிருந்து அவனுடைய ஸ்பிரிங்கை இன்றே கழற்றிக் கொடுத்தாக வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதியவளுக்குத் தெரியாதா? பதினொரு வருஷமாக அவள் ஏங்கிய கோப்பை, தேநீர் குடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் மடியில் வந்து விழும். டென்ஸில் தன் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு எதையும் கேட்காமல் இருந்தான். கேட்டிருந்தால் அவளுக்கு மறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

அவள் யோசித்தாள். வெட்கம் ஒரு பக்கம் அரித்தது. ஒரு மனிதனைப் பதினொரு வருஷம் கள்ளன் என்று நினைத்தாயிற்று. ஆனால் உண்மையைச் சொன்னால், அவளைத் தூக்கி நிறுத்தியது வெட்கமல்ல, திமிர்தான். அவன் இந்த வருஷம் முழுக்க அவளுடைய ஸ்பிரிங்கை ஒரு பக்கம் வைத்துக்கொண்டுதான் அவளோடு மல்லுக்கு நின்றிருக்கிறான். அவளோ அவனுடைய மெல்லிசுப் பட்டையைச் சுமந்துகொண்டே ஒரு புள்ளி முன்னால் வந்திருக்கிறாள். மெல்லிசு ஸ்பிரிங் பயந்தாங்கொள்ளிகளுக்கு என்பது அவள் கட்சி. தன்னுடைய கெட்டியான பட்டை திரும்பக் கிடைத்துவிட்டால் இவன் எந்த மூலைக்கு?

"உக்காந்துகிட்டு ஜெயிச்சா அதுக்குப் பேரு ஜெயிப்பா?" என்றாள் நோரிஸிடம். "அரை அங்குல ஸ்பேனரை எடு."

கழற்றி மாட்ட இரண்டரை மணி நேரம் இருந்தது, ஆனால் இரண்டு வண்டி. டென்ஸில் தன் ஜாக்கியை அவளுக்குத் தள்ளினான், அவள் தன் நெம்புகோலை அவனுக்குக் கொடுத்தாள். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் குவளையை வைத்துவிட்டுக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். வண்டிக்கு அடியில் படுத்திருந்த ஹெஸ்டருக்கு, பக்கத்து வண்டியின் அடியில் படுத்திருந்த டென்ஸிலின் மூச்சு கேட்டது. அவ்வளவு பெரிய உடம்பு அந்தச் சின்ன இடுக்கில் எப்படிப் புகுந்தது என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. அவனுடைய ஸ்பிரிங்கை அவனிடம் தள்ளினாள். மன்னிப்பு கேட்டு அவளுக்குப் பழக்கம் இல்லை. அவன் தன் பக்கத்திலிருந்து அவளுடையதைத் தள்ளினான்.

"என் தொப்பை மேல இல்லாத பழியெல்லாம் போட்டாங்க அம்மணி," என்றான் அடியிலிருந்து. "பீரை விட்டேன். அதுதான் எனக்கு ஆறல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். வண்டிகளை இறக்கியபோது சிவப்புத் தவளை நிமிர்ந்து நின்றது. பச்சைத் தவளை பழையபடி வலது பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. ஆறு கிலோவின் கதை அங்கேயே எல்லோர் முன்னாலும் முடிந்துபோயிற்று. நோரிஸ் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல வானத்தைப் பார்த்தான். ஐவர் இரண்டு படிவத்திலும் கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டு சுற்று. கடைசி வரிசையில் இரண்டு தவளைகளும் அருகருகே நின்றன. கொடி விழுந்தது, இரண்டும் ஒன்றாகப் பாய்ந்தன. முதல் வளைவு இடப்பக்கம், அதில் ஹெஸ்டர் மூக்கை முன்னால் நுழைத்துவிட்டாள். இதோ பார் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்தது தண்ணீர்த்தொட்டி வளைவு, வலப்பக்கம். ஹார்ல்பியில் பெரும்பாலான திருப்பங்கள் வலப்பக்கம்தான். அப்படித் திரும்பும்போது பாரமெல்லாம் இடது பின்சக்கரத்தில் இறங்கும்.

இறங்கியது. வால் விலகியது.

வருஷம் முழுக்கக் காணாமல் போயிருந்த அந்தப் பழைய விலகல் திரும்ப வந்துவிட்டது. ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டி, வண்டியைப் பிடித்து நேராக்கினாள். அதற்குள் சிவப்பு வண்டி உள்பக்கமாக நழுவி முன்னால் போய்விட்டது. அதன் பின்பக்கம் தண்டவாளத்தில் ஓடுவதுபோல அசையாமல் ஓடியது. ஹெஸ்டருக்கு அந்த ஒரு வளைவிலேயே முழுவதும் புரிந்துவிட்டது. இந்த வருஷம் ஜெயித்தது அவளுடைய சாமர்த்தியமும் இல்லை, இளைத்த உடம்பும் இல்லை, அவனுடைய மெல்லிசுப் பட்டை. ஒன்பது வருஷம் அவன் ஜெயித்ததும் அதனால்தான். அதில் கள்ளம் ஒன்றுமே இல்லை.

புரிந்துவிட்டது என்பதற்காக விட்டுவிடுகிறவளா அவள்? அன்று ஓட்டின மாதிரி அவள் ஜென்மத்தில் ஓட்டியதில்லை. வால் எங்கே விலகும் என்று தெரிந்த பிறகு, விலகுவதற்கு முன்னாலேயே அதற்கு இடம் கொடுத்து ஓட்டினாள். இடப்பக்க வளைவுகளில் அவனை நெருங்கினாள், வலப்பக்க வளைவுகளில் அவன் விலகினான். இரண்டு பேரும் சேர்ந்து முன்னால் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தின்றுகொண்டே போனார்கள். ஒன்பதாம் சுற்றில் டென்ஸில் நான்காவது, அவள் ஐந்தாவது. கடைசிச் சுற்றில் அவன் மூன்றாவது, அவள் அவன் பின்பக்கத்தை முட்டாத குறை. தண்ணீர்த்தொட்டி வளைவில் வெளிப்பக்கமாகப் போனாள். அங்கே வெளிப்பக்கமாகப் போக யாருக்கும் துணிவு வராது. அரை வண்டி தூரம் அவன் பக்கத்தில் வந்தாள், வால் விலகியது, பிடித்தாள், அவ்வளவுதான். முடிவுக் கோட்டை அவளுக்கு முன்னால் அவன் கடந்தான். ஒரு வண்டி நீளம் பின்னால் அவள் கடந்தாள்.

எட்டாவது தடவையாக இரண்டாமிடம். வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஹெல்மெட்டோடேயே உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது, மறைக்கவில்லை. நோரிஸ் கதவருகில் நின்றான், கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே அவனை அவள் கல்யாணம் செய்துகொண்டாள் என்று சொல்லலாம்.

பரிசு கொடுப்பது சிற்றுண்டிக் கொட்டகையில். உள்ளே எல்லோரும் டென்ஸிலின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, பீர்க் குவளையைக் கையில் எடுத்த நிம்மதியில் அவன் இருந்தான். ஹெஸ்டர் முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக அவன் எதிரே போய் நின்றாள்.

"எனக்கு ஒரு விஷயம் தெரியணும்," என்றாள். "உங்க கீழ்ப்பட்டையெல்லாம் சரியா எவ்வளவு தடிமன்? அந்த அளவை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? சொல்ல இஷ்டமில்லன்னா விட்டுடுங்க."

டென்ஸில் குவளையை இறக்கினான். அவள் கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தான். பிறகு கையைத் தூக்கி அவளுக்குப் பின்னாலிருந்த சுவரைக் காட்டினான்.

"அம்மணி, அங்க ஒட்டியிருக்கு. ஒவ்வொரு வருஷமும் ஒட்டியிருக்கேன். ஒட்டச் சொல்லி விதி எழுதினதே நீங்கதானே?"

ஹெஸ்டர் திரும்பினாள். சுவர்ப்பலகையில் பதினெட்டுப் படிவங்கள். பதினொரு வருஷமாக ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் அவள் இந்தப் பலகை முன்னால் நின்றிருக்கிறாள். எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். டென்ஸில் எழுதியது எப்படியும் பொய்யாகத்தான் இருக்கும் என்பதால் அவனுடையதைப் படித்ததே இல்லை. படிக்கும் கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போனாள். பட்டை பட்டையாகத் தடிமன் எழுதியிருந்தது. முதல் மூன்று அவளுடையது போலவே. நான்காவதிலிருந்து ஒரு நூல் குறைவு. அதற்குக் கீழே, குறிப்பு என்ற கட்டத்தில், பை விற்கிறவனின் உருண்டைக் கையெழுத்தில் ஒரு வரி: கீழே மெல்லிசாக இருந்தால் வலது திருப்பத்தில் வால் அடங்குகிறது, யாரும் செய்து பார்க்கலாம்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பினதற்காக எத்தனை பேரை இறக்கிவிட்டிருக்கிறாள்! அவளுக்கு யாராவது தேர்வு வைத்திருந்தால் முதல் நிமிஷத்திலேயே இறக்கிவிட்டிருப்பார்கள். திரும்பி வந்து, தட்டில் இருந்த பையில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கினாள். நன்றாகத்தான் இருந்தது.

"டென்ஸில்," என்றாள். அந்தப் பெயரைச் சொல்லி அவனை அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "உன்னைக் கள்ளன்னு நினைச்சேன். தப்பு என்னோடது. அடுத்த வருஷம் உன்னை விடமாட்டேன், பாத்துக்கோ."

"வாங்க, வாங்க," என்றான் டென்ஸில். அவன் கண் ஈரமாகிவிட்டது. "நானும் பீரை விடப்போறதில்ல."

ஐவர் மூலையில் காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். ஹெஸ்டர் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும், இன்னொரு புகாரோ என்று அவர் முகம் வாடியது. அடுத்த வருஷத்துக்கு ஒரு வெற்றுப் படிவம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, அங்கேயே நின்றபடி நான்காவது பட்டையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல் குறைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு நோரிஸைக் கூப்பிட்டு, பரிமாறும் இடத்தில் புட்டிங் மிச்சமிருக்கிறதா பார், இருந்தால் இரண்டு கிண்ணம் கொண்டுவா, கஸ்டர்டை நிறைய ஊற்றச் சொல் என்றாள்.